புரட்டாசிச் சங்குகள்

கடல் கண்ணுக்கே தெரியாத ராஜபாளையத்தில், ஒரு நூல் மில்லின் பின்கட்டில் உட்கார்ந்துகொண்டு கடல் ஆராய்ச்சி செய்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். அந்தச் சித்திரையில் மன்னார் வளைகுடாவில் தண்ணீர் சுட்டது. பவளப்பாறையெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துப் போயிற்று. என் கைடு சுந்தரபாண்டியன் சார் படகிலிருந்து குனிந்து பார்த்துவிட்டு, "அம்புஜம், பாறை வெளுத்துப் போச்சுன்னு எல்லாப் பயலும் எழுதுவான். தண்ணி சூடானா யாரு யாரைத் திங்கும், எம்புட்டுத் திங்கும்னு ஒருத்தனும் எழுத மாட்டான். நீ அதைப் பாரு" என்றார். பார்த்தேன். முத்துச்சிப்பியைத் தின்று பிழைக்கிற முள்ளுச்சங்கு என்று ஒன்று உண்டு. சிப்பி மேல் ஏறி உட்கார்ந்து, ஓட்டில் ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும். வழக்கமான சூட்டில் அது எத்தனை சிப்பியைத் தின்கிறது, நாலு டிகிரி கூடினால் எத்தனை தின்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

இதைத் தூத்துக்குடியிலேயே செய்து தொலைத்திருக்கலாம். அங்கே நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் கரண்ட் நின்றால் எப்போது வரும் என்று அந்தக் கரண்டுக்கே தெரியாது. ஆனி மாதம் ஒருநாள் மோட்டார் நின்று, மொத்தச் சங்கும் சிப்பியும் செத்து நாறிப் போனது. சார் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் டிசம்பரில் ரிட்டயர் ஆகிறார். அதற்குள் அவர் கையெழுத்து வாங்காவிட்டால் நான் வேறு கைடிடம் போக வேண்டும். போனால் ஆராய்ச்சியை அ, ஆவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வீட்டிலோ, இந்த வருஷத்தோடு படிப்பை முடித்துக்கொள்கிறாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா சொல்லியாகிவிட்டது.

அப்போதுதான் அப்பாவுக்கு சுப்புராஜ் மாமா ஞாபகம் வந்தார். அப்பாவும் அவரும் ஒரே பெஞ்ச். மாமாவுக்கு ராஜபாளையத்தில் நூல் மில். நூல் அறாமல் இருக்க மில்லுக்குள் இரவும் பகலும் ஒரே அளவு சூடு, ஒரே அளவு ஈரம். கரண்ட் போனால் அடுத்த நிமிஷம் ஜெனரேட்டர். என் சங்குகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? தூத்துக்குடி உப்பு லாரிக்காரர் ஒருவரைப் பிடித்து, சின்டெக்ஸ் தொட்டிகளில் கடல் தண்ணீரை ஏற்றி, எட்டு கண்ணாடித் தொட்டிகளோடு வந்து இறங்கினேன். நாலு தொட்டி இருபத்தெட்டு டிகிரி, நாலு தொட்டி முப்பத்திரெண்டு.

மாமா வந்து பார்த்தார். "அம்மாடி, முப்பத்திரெண்டா? அது இங்க மார்கழி மாசச் சூடுல்ல! இந்த நாலு டிகிரிக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்றார். இதே கேள்வியை மானேஜர் கேட்டார், வாட்ச்மேன் கேட்டார், டீ கொண்டுவருகிறவர் கேட்டார். வெயிலில் வெந்த ஊர்க்காரர்களிடம் நாலு டிகிரியின் அருமையைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும்.

அம்மாவின் கவலை வேறு. "சங்கு பெருமாள் திருக்கையில இருக்கறதுடி. அதைப் போய்க் கொலைகாரன்னு சொல்லிண்டு திரியறியே!" என்பாள். அது வேறு சங்கு, இது வேறு சங்கு என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், கொல்லைப்பக்கமாக வந்து குளித்த பிறகுதான் எனக்குக் காபி.

தொட்டிகளைப் பார்த்துக்கொள்ள மாமா ஒரு ஆளைக் கொடுத்தார். பெயர் பரிபூரணம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மில்லைப் பெருக்குகிற வேலை. கணவர் இல்லை. மகன் பட்டாளத்தில். அவரைப் போல ஒரு வேலைக்காரியை நான் பார்த்ததில்லை. தொட்டிக்கு மேல் பஞ்சுத் தூசி விழாமல் வேட்டித் துணி கட்டிவைத்தார். காலியான சிப்பிகளைத் தினமும் காலையில் பொறுக்கி, ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுவைப்பார். நான் வந்து எண்ணிக்கொண்டு, தின்ற கணக்குக்குப் புதுச் சிப்பி போடுவேன். ஆவணி முழுக்க வேலை வெண்ணெய் போல ஓடியது. சூட்டுத் தொட்டிச் சங்குகள் மற்றதைப் போல இரண்டு பங்கு தின்றன. சார் போனிலேயே கைதட்டினார்.

புரட்டாசி பிறந்தது. பிடித்தது சனியன்.

புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் பெருமாளுக்குத் தளிகை படைப்பார்கள். அன்று நான் வீட்டுப்படி தாண்டக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. தாண்டினாலும் பிரயோஜனமில்லை, எங்கள் ஊர்ப் பக்கத்துக் குன்றின் மேல் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் ஒற்றைக்கால் வைக்க இடம் இருக்காது. அதனால் சனிக்கிழமைப் பொறுப்பு முழுக்கப் பரிபூரணம் அக்காவுடையது. முதல் சனி போய் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால், எட்டுக் கிண்ணமும் துடைத்துவைத்தது போல இருக்கிறது.

"என்னக்கா, நேத்து ஒண்ணுமே சாகலையா?"

"இல்ல பாப்பா. நேத்து ஒரு உசுரும் சாகல" என்றார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு நிறைவு. என் ஆராய்ச்சி மேல் எவ்வளவு அக்கறை என்று நானும் உருகினேன்.

அடுத்த ஞாயிறும் அதே காலிக் கிண்ணங்கள். அதற்கடுத்த ஞாயிறும் அதேதான். வாரத்தில் மற்ற நாளெல்லாம் மூக்கு முட்டத் தின்கிற சங்கு சனிக்கிழமை மட்டும் வாயைத் திறப்பதில்லை. தண்ணீரைச் சோதித்தேன், உப்பைச் சோதித்தேன், சூட்டைச் சோதித்தேன். எல்லாம் சரி. போதாக்குறைக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றிரண்டு சங்குகள் செத்துக் கிடந்ததாகச் சொல்லி, நான் வருவதற்குள் பரிபூரணம் அக்கா எடுத்துப் போட்டிருந்தார். தண்ணீர்தான் கெட்டுவிட்டதோ என்று பாதித் தண்ணீரை மாற்றினேன்.

எஸ்.டி.டி. பூத்தில் போய் சாருக்குச் சொன்னேன். மறுமுனையில் ஒரு கூப்பாடு. "ஏட்டி, ஏழு நாளுக்கு ஒருக்கவா! அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல்ல வெள்ளம் கூடும், நடுவுல கொறையும், ஏழு நாளுக்கு ஒருக்கத்தான மாறும்? கடலை விட்டுத் தூக்கிட்டு வந்தும் அதுக்குள்ள கடல் ஓடுது பாரு!"

"ஆவணியில இப்படி இல்லையே சார்?"

"புது இடம்லா, பழக நாளாகும். நீ பேசாம இரு."

பேசாமல் இருந்தேன். அதுதான் வினை. அவர் அன்று ராத்திரியே கொச்சிக் கருத்தரங்குக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டார். சங்குக்குள் ஓடும் வாரக் கடிகாரம் என்று தலைப்பு. முதலில் அவர் பெயர், அடுத்து என் பெயர். ரிட்டயர் ஆகும்போது உலகத்துக்கு விட்டுப்போகும் பரிசு என்று என்னிடமே சொன்னார்.

நாலாவது சனிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கடிகாரத்தை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அம்மா சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த சமயம் பார்த்துக் கொல்லைக் கதவு வழியாக நழுவினேன். கோவிந்தா போடுகிற கூட்டத்தோடு கூட்டமாக நசுங்கி, செருப்பு ஒன்றைத் தொலைத்து, மில்லுக்கு வந்து சேர்ந்து கதவைத் திறந்தேன்.

எட்டுத் தொட்டியிலும் கண்ணாடி மேல் திருமண்ணால் நாமம். தண்ணீருக்குள், சிப்பிகளெல்லாம் ஒரு பக்கம் சௌகரியமாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. இன்னொரு பக்கம், மில்லில் நூல் சுற்றிய பாபின் அடுக்குகிற ஓட்டைபோட்ட பிளாஸ்டிக் கூடை கவிழ்ந்திருந்தது. கூடை மேல் ஒரு கல். கோழியைப் பஞ்சாரத்தில் அடைத்த மாதிரி, உள்ளே என் சங்குகள்.

பரிபூரணம் அக்கா ஈரத் தலையோடு சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"கத்தாதீக பாப்பா. இன்னைக்குச் சனிக்கிழமை."

"சனிக்கிழமைன்னா?"

"புரட்டாசிச் சனிக்கிழமைல்லா! கருவாட்டுச் சட்டியவே கழுவிப் பரண்ல கவுத்திட்டேன். எம் பொறுப்புல இருக்குற ரூம்புல, பெருமாளுக்கு உகந்த நாள்ல, ஒரு உசுரு இன்னொரு உசுரைத் திங்குறதைப் பாத்துக்கிட்டு நான் நிக்கவா? வெள்ளிக்கிழமை வெளக்கு வைக்கையில கவுத்துவேன். ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் எடுத்துருவேன்."

"ஐயோ, அது சங்குக்கா! சங்குக்கு ஏது விரதம்?"

"பெருமாள் கையிலயே இருக்கு. அதுக்கு இல்லாத விரதம் நமக்கு எதுக்கு?" என்றார். "அய்யங்கார் வீட்டுப் பிள்ளை, நீங்கள்லா எனக்குச் சொல்லியிருக்கணும். சொல்லுவீக சொல்லுவீகன்னு பாத்தேன். நீங்க வாயே தொறக்கல. சரி, படிச்ச பிள்ளைக்கு ஞாபகம் இல்லைன்னு நானே செஞ்சேன்."

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று தெரியாது. என் வருஷத்தை மண்ணாக்கிவிட்டாய் என்றேன். சாருடைய மானம் கொச்சி வரைக்கும் போய்விட்டது என்றேன். இனி இந்த அறைக்குள் காலை வைக்காதே என்றும் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அவர் சாம்பிராணிக் கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வேறு என்ன செய்ய?

அழுது முடித்துக் கூடைகளை எடுக்க ஆரம்பித்தேன். முதல் நாலு தொட்டியிலும் சங்குகள் ஆளுக்கொரு மூலையில் ஓட்டு வாயிலுள்ள மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டு சும்மா கிடந்தன. ஐந்தாவது தொட்டி, சூட்டுத் தொட்டி. கூடையைத் தூக்கினால் இரண்டு சங்குகள் ஒன்றின் மேல் ஒன்றாக வருகின்றன. பிரித்தேன். கீழே இருந்ததன் மூடியில் சுத்தமான வட்டத்தில் ஒரு துளை. பாதி உடம்பைக் காணோம். ஆறாவது தொட்டியிலும் அப்படி ஒரு ஜோடி. ஏழாவதில், எட்டாவதில் அதே கதை.

படிக்கு ஓடினேன்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை சங்கு செத்துக் கிடந்துச்சே, அதெல்லாம் எந்தத் தொட்டி?"

அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "எல்லாம் அந்தப் பக்கத்துச் சூட்டுத் தொட்டிதான். வயசாயிருச்சு போலன்னு நெனைச்சேன்."

வயசுமில்லை, கெட்ட தண்ணீருமில்லை. ஒரே அளவு பட்டினி. இருபத்தெட்டு டிகிரியில் இருப்பது மூடியைச் சாத்திக்கொண்டு சமாளிக்கிறது. முப்பத்திரெண்டில் இருப்பதற்குப் பசி அடங்கவில்லை. சிப்பி கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருப்பதைத் தின்கிறது. சூடானால் அதிகமாகத் தின்னும் என்பது எல்லாரும் நினைக்கக்கூடியது. சூடான கடலில் சிப்பி தீர்ந்துபோனால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

சாரிடம் போனில் முதலில் கெட்ட செய்தியைச் சொன்னேன். கடிகாரமுமில்லை, கடலுமில்லை, பாபின் கூடை சார் என்றேன். அவர் வாயிலிருந்து வந்ததை எழுத முடியாது. அப்புறம் மற்றதைச் சொன்னேன்.

"தற்செயலாப் பாத்தது கணக்குல சேராது. நீயே கவுத்தி, நீயே எண்ணு. மூணு தடவை. மூணு தடவையும் இதே மாதிரி வந்தா கையெழுத்துப் போடுதேன். கொச்சிக்காரனுக்கு நானே மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன், போ."

ஐப்பசி பிறந்து, தீபாவளி முடிந்த வெள்ளிக்கிழமை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பரிபூரணம் அக்காவிடம் போய், பேசினதெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், பழையபடி கூடையைக் கவிழ்க்க வேண்டும் என்றேன்.

"எதுக்கு?"

"நீங்க செஞ்ச மாதிரியேதான்க்கா. வெள்ளி சாயங்காலம் கவுத்தி, ஞாயிறு காலையில எடுக்கணும்."

"புரட்டாசி முடிஞ்சு போச்சே பாப்பா. இப்ப எதுக்கு அதுகளைப் பட்டினி போடணும்? வாயில்லாச் சீவன். பாவமில்லையா?"

எனக்குத் தலை சுற்றியது. "போன மாசம் தின்னாப் பாவம்னீங்க!"

"அது போன மாசம்."

நானே கவிழ்த்தேன். சனிக்கிழமை காலை வந்து பார்த்தால் எட்டுக் கூடையும் கழுவி வெயிலில் காய்கின்றன. சங்குகள் ஆளுக்கொரு சிப்பி மேல் உட்கார்ந்து விருந்து சாப்பிடுகின்றன. ஒரு வாரம் போச்சு. பூட்டுப் போடலாம் என்றால், தீ விபத்துக்குப் பயந்து மில்லுக்குள் எந்த அறையையும் பூட்டக் கூடாது என்று மாமாவின் சட்டம். மாமாவிடமே முறையிட்டேன். "பரிபூரணத்துக்கிட்ட நானே வாய் குடுக்க மாட்டேம்மா. நீயாச்சு, அவளாச்சு" என்று நழுவிவிட்டார்.

திரும்ப அவரிடமே போனேன். அந்தத் தடவை கோபத்துக்குக்கூடத் தெம்பு இல்லை. "அக்கா, டிசம்பர்ல எங்க சார் ரிட்டயர் ஆயிடுவார். அதுக்குள்ள இது முடியலைன்னா என் படிப்பு அம்புட்டுத்தான். வீட்டுல உட்கார வச்சிருவாங்க. நான் என்ன செஞ்சா நீங்க கூடையத் தொடாம இருப்பீங்க, சொல்லுங்க."

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு யோசித்தார். "நான் புரட்டாசியில சும்மாவா கவுத்தினேன்? நானும் வெறும் துளசித் தண்ணி குடிச்சுக்கிட்டுல்லா கெடந்தேன். தானும் பட்டினி கெடந்தா அது விரதம். தான் மூக்குப் பிடிக்கத் தின்னுட்டு இன்னொண்ணைப் பட்டினி போட்டா அது கொடுமை. நீங்க கெடக்கீகளா, சொல்லுங்க. நான் கூடைப் பக்கம் திரும்ப மாட்டேன்."

"நானா?"

"வெள்ளி வெளக்கு வைக்கையிலருந்து ஞாயித்துக்கிழமை காலை வரைக்கும். அம்புட்டுத்தான்."

கிடந்தேன். வேறு வழி? எந்தப் பல்கலைக்கழகத்திலாவது இப்படி ஒரு விதி உண்டா என்று யாராவது சொல்லுங்கள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஐப்பசியில் பெண் சனிக்கிழமை விரதம் இருக்கிறாள், நல்ல வரன் அமையத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். இல்லை என்று மறுக்கக்கூட வாயில் தெம்பில்லை.

சனிக்கிழமை முழுக்கச் சூட்டுத் தொட்டிகள் பக்கம் உட்கார்ந்திருப்பேன். ஹீட்டர் ஓடுகிற அறை, மில்லின் ஈரம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உடம்பு கசகசவென்று வேர்த்துக் கொட்டும். மத்தியானம் ஷிப்ட் மாறும்போது பக்கத்து கேண்டீனில் வடை போடுகிற வாசம் வரும். அந்த வடையைத் தின்றுகொண்டே எட்டிப்பார்த்த மானேஜரை ஏதோ சொல்லித் துரத்திவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்த பரிபூரணம் அக்காவிடம், தம்ளர் கழுவவில்லை என்று எரிந்து விழுந்தேன். பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை. வீட்டில் அப்பாவோடு சண்டை. யாரைப் பார்த்தாலும் பிடுங்கித் தின்றுவிடலாம் போல இருந்தது. கூடைக்குள் சங்குகள் ஓட்டை ஓட்டையாக மூக்கை நீட்டிச் சிப்பி வாசத்தைத் தேடிக்கொண்டிருக்கும். நாலு டிகிரி எம்மாத்திரம் என்று கேட்ட அத்தனை பேரையும் அங்கே கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் தடவை அப்படியே வந்தது. இரண்டாவது தடவையும் வந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கூடைகளைத் தூக்கினேன். இருபத்தெட்டு டிகிரியில் ஒரு சங்கும் சாகவில்லை. சூட்டில் நாலு தொட்டியிலும் ஒன்றை ஒன்று தின்றிருந்தன. கடைசித் தொட்டியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. பெரியது. காலி ஓடுகளுக்கு நடுவில் அது இன்னும் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சிப்பியைப் போட்டேன். பார்க்கப் பிடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மில் ஆபீஸ் போனில் சாரைக் கூப்பிட்டேன். "ஏட்டி, ஜெயிச்சுட்ட!" என்று கத்தினார். "நாளைக்கே கெளம்பி வா, கையெழுத்துப் போடுதேன்." எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். சரி சார், சரி சார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

படியில் பரிபூரணம் அக்கா தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார். இட்லியும் மிளகாய்ப் பொடியும். வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதே என்று வளர்த்த என் அம்மா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பாள். நான் கையைக்கூடக் கழுவவில்லை. அவர் இலையில் எடுத்து வைக்கும் வரைக்கும் பொறுக்கவில்லை. சட்டிக்குள் கையை விட்டு, ஒன்று விழுங்குவதற்குள் அடுத்ததைத் திணித்து, யாரும் பங்குக்கு வந்துவிடாதபடி சட்டியை மடியோடு இழுத்து வைத்துக்கொண்டு தின்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

"மெதுவாத் தின்னுங்க பாப்பா. நான் பக்கத்துல வரல."